பை வேணாம்

காலை பத்து மணிக்குக் கத்தரிக்கு ஒரு போன் வந்தது.

"யாரைக் கேட்டும்மா சட்டையில பை வச்சே?" என்றார் ஆஸ்பத்திரி ஸ்டோர் மேனேஜர். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, பை வேணாம்னு?"

சொன்னார்தான். துப்புரவுப் பணியாளர்களுக்கு இருநூற்று நாற்பது சீருடை. போனிலேயே அளவு, நிறம், தேதி, கடைசியாக "பை வேணாம்". ஒவ்வொரு சட்டையையும் தனித்தனி பிளாஸ்டிக் பையில் போட்டுத் தரவேண்டாம் என்கிறார் போல, நல்ல மனுஷன் என்று இவள் நினைத்துக்கொண்டாள். வழக்கம்போல நெஞ்சில் பை வைத்துத் தைத்த சட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கயிறு போட்டு நேற்று அனுப்பியும் விட்டாள்.

"அஞ்சு மணிக்குள்ள வந்து எல்லாத்தையும் பிரிச்சு எடுக்கணும். இல்லேன்னா மொத்தமும் திரும்பி வரும்."

இருபத்தாறு வயது அவளுக்கு. பட்டென்று வெட்டிப் பேசுவதால் வந்த பட்டப்பெயர் கத்தரி. பார்த்த வேலையை விட்டுவிட்டு, நான்கு தையல் மெஷினோடு இந்த அறையைப் பிடித்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரக்கூடிய ஒரே பெரிய ஆர்டர் இது. இது போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

கட்டிங் மாஸ்டர் மாதிரிக்கு வைத்திருந்த சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பிரிக்கலாம்மா. ஆனா ஊசி போன தடம் நெஞ்சுல கட்டம் கட்டின மாதிரி தெரியும். எத்தனை தடவை துவைச்சாலும் போகாது."

பொத்தானுக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்த அவள் அண்ணி நிமிர்ந்தாள். "பை இல்லேன்னா வீட்டுச் சாவியை எங்க வைப்பாங்களாம், காதுலயா?"

"அண்ணி, சிரிக்கிற நேரமா இது?"

"நான் எங்க சிரிச்சேன்? நிஜமாத்தான் கேக்கறேன். நீயும் போய்க் கேளு."

ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். என்ன பேசுவது என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். நாலும் கெஞ்சலாகவே வந்தன.

ஸ்டோர் வாசலில் பழைய சீருடையில் ஓர் அம்மா நின்றிருந்தார். ஒரு கையில் துடைப்பம். இன்னொரு கையில் போன், சாவி, மடித்த மாத்திரைச் சீட்டு. வாளியைத் தூக்க வேண்டி வந்ததும் சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

உள்ளே மேனேஜர் சட்டைக் கட்டுகளைக் காட்டினார். "பாரு. நாளைக்குக் காலையில மேலிடத்து ஆளுங்க பார்வையிட வராங்க. மானத்தை வாங்கிட்டியே."

"பை ஏன் சார் கூடாது?"

"விவரம் தெரியாத பொண்ணா இருக்கியே. கையில கிடைக்கிற பஞ்சு, மருந்தையெல்லாம் போட்டுக்கிட்டுப் போயிடுவாங்க."

டாக்டர் கோட்டுக்கு மூன்று பை. மேனேஜர் சட்டைக்கு ஒன்று. குப்பை அள்ளுகிறவர் சட்டையில் ஒரு பை இருந்தால் மட்டும் ஆஸ்பத்திரியே காணாமல் போய்விடுமாம்! கத்தரிக்குக் காது சுட்டது.

"சரி சார், பிரிச்சிடறோம். நீங்க சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. இனிமே வாய்வார்த்தைக்கு நான் தைக்கப் போறதில்லை."

"அவ்வளவுதானே?" சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'பை வேண்டாம்' என்று எழுதினார்.

"காரணமும் சார்."

பேனா நின்றது. "காரணம் எதுக்கு?"

"நெஞ்சுல தடம் ஏன்னு நாளைக்கு வர்றவங்க கேட்டா நான் என்ன காட்டுறது? 'திருடுவாங்க'ன்னு சொன்னீங்கல்ல, அதையே எழுதுங்க."

வாசலில் வாளி கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. மேனேஜர் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு காகிதத்தை நான்காகக் கிழித்தார்.

"இந்தத் தடவை இருக்கட்டும். அடுத்த ஆர்டர்னு இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே."

அறைக்குத் திரும்பியபோது நான்கு மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன.

"பிரிக்க வேணாம்," என்றாள். அண்ணி கைதட்டினாள். "ஆனா இனிமே அங்கேருந்து ஆர்டர் வராது."

தட்டிய கை அப்படியே நின்றது. கத்தரி ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டாள். இனி ஆர்டர் கொடுப்பவர் நிரப்ப வேண்டிய படிவம். சட்டையில் பை: எத்தனை? பிளாஸ்டிக் உறை: வேண்டுமா? எதுவாவது வேண்டாமென்றால், ஏன்?

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "அதெல்லாம் சரிம்மா. நாளைக்கு என்ன வெட்டட்டும்?"

அவள் போனைப் பார்த்தாள். "தெரியல மாஸ்டர்," என்றாள். "எப்பவும்போல ஒன்பது மணிக்கு வந்துடுங்க."