தண்டவாளத்தில் இழுக்காத லொறி

எழுபத்தாறாம் ஆண்டு. சத்தியபாமா மெல்பேர்னில், ஸ்பிரிங்வேல் பக்கம் இருந்த ஒரு சலவை நிலையத்துக்கு லொறி ஓட்டினாள். மருத்துவமனைகளிலிருந்து அழுக்குத் துணிகளை ஏற்றி வந்து, வெளுத்ததைத் திருப்பிக் கொடுக்கிற வேலை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவள். கையால் கியர் மாற்றி ஓட்டப் பழகாததால், பழைய ஓட்டோமற்றிக் லொறியொன்றை அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

ஜூன் மாதக் குளிரில் ஒரு நாள், ரயில் கடவையில் முன்னால் போன கார் வேகம் குறைத்தது. அவளும் குறைத்தாள். கார் போனதும் அக்சிலரேட்டரை மிதித்தாள். எஞ்சின் அலறியது. லொறி அசையவில்லை. முன்சக்கரங்கள் தண்டவாளத்துக்கு அப்பால். பின்பாதி அதன் மேல்.

மணி அடிக்கத் தொடங்கியது.

இன்னும் அழுத்தினாள். சத்தம்தான் கூடியது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கியர்த்தடியைக் கடைசி வரைக்கும், மிகத் தாழ்ந்த கியருக்கு, கீழே இழுத்தாள். லொறி ஒரு குலுக்குக் குலுக்கி முன்னேறியது. பக்கக் கண்ணாடியில், பின்னால் ரயில்பெட்டிகள் ஓடுவது தெரிந்தது. வீதியோரம் நிறுத்தி, கதவைத் திறந்து வாந்தியெடுத்தாள்.

சலவை நிலைய மேலாளர் கராஜ்காரரைக் கூப்பிட்டார். அவர் கியர்பெட்டிக்குக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, குறையொன்றும் இல்லை என்றார். பிறகு, மெதுவாக மிதிக்கப் பழகும்படி, குழந்தைக்குச் சொல்வது போல அவளிடம் சொன்னார். நாலாம் நாள் ஒரு ஏற்றத்தில் மறுபடியும் எஞ்சின் வெறுமனே அலறியது. லொறி பின்னுக்குச் சறுக்கியது. அன்றுதான் கணவன் விக்னராஜாவிடம் சொன்னாள்.

"இந்த வேலையை விடும்" என்றான் அவன்.

"நான் விட்டா வேற ஆரோ அதில ஏறப் போயினம். அவைக்கு அந்தக் கடவையில என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும்."

வெள்ளிக்கிழமை லொறியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அடியில் பழைய பத்திரிகைகளை விரித்தாள். சனிக்கிழமை காலை பார்த்தபோது அவற்றில் ஒரு சொட்டு எண்ணெயும் இல்லை. எஞ்சினைச் சூடாக்கி, ஓடவிட்டபடியே கியர்பெட்டியின் அளவுக்கம்பியை இழுத்தாள். எண்ணெய், குறிக்கு மிகவும் கீழே இருந்தது. சிவப்பாக இருக்கவேண்டியது மங்கிப்போய், தீய்ந்த மணம் வீசியது.

"இஞ்சாருங்கோ, ஊத்தி ஒரு கிழமைகூட ஆகேல்லை. கீழயும் ஒழுகேல்லை. அப்ப எங்க போகுது?"

விக்னராஜா பின்னால் நின்றான். "இங்க புகை வெள்ளையா வருது" என்றான்.

அவள் எஞ்சினை நிறுத்திவிட்டு அடியில் புகுந்தாள். அந்தப் பாரம் தன்மேல் இறங்கிவிடும் என்ற எண்ணம் விடவில்லை. கியர்பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் மெல்லிய ரப்பர்க்குழாயைக் கழற்றினாள். காற்று மட்டும் இருக்கவேண்டிய குழாயிலிருந்து எண்ணெய் அவள் மணிக்கட்டில் வழிந்தது. கியர்பெட்டியின் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் குறையக் குறைய, கியரின் பிடி வழுக்கியது.

திங்கட்கிழமை அந்தக் குழாயை வெள்ளைத் துவாய்த் துணியில் சுற்றிக்கொண்டு மேலாளரிடம் போனாள். வேலை போய்விடும் என்று பயந்தாள். துவாயை விரித்து, பழுது பார்க்கும் வரை இதை ஓட்டமாட்டேன், வேறு ஒருவரும் ஓட்டக்கூடாது என்று சொன்னாள். அவர் துவாயில் ஊறியிருந்த கறையைப் பார்த்தார். பிறகு வேறொரு கராஜுக்குத் தொலைபேசி எடுத்தார்.

குழாய் பொருந்துகிற சிறு உறுப்புக்குள் ஒரு சவ்வு கிழிந்திருந்தது. கியர்பெட்டிக்குள் தீய்ந்துபோன தட்டுகளையும் மாற்றினார்கள். ஒன்பது நாளில் லொறி திரும்பி வந்தது.

லொறி திருந்தியது, அவள் பயம் போகவில்லை. மாதக்கணக்காக, பத்து நிமிடம் கூடினாலும், கடவையைத் தவிர்த்து ரயில்பாலத்தடி வழியாலேயே போனாள். ஒரு நாள் மழைவெள்ளத்தில் அந்த வழி மூடப்பட்டது. வேறு வழியில்லாமல் கடவைக்கு வந்து, தண்டவாளத்துக்கு அப்பால் வழி முழுக்க வெறுமையாகும் வரை நின்றாள். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். பிறகு மிதித்தாள். லொறி இழுத்தது.

மருத்துவமனை வாசலில் இறங்கும்போதுதான், பற்களை இறுகக் கடித்தபடியே வந்திருந்தது தாடை வலியால் அவளுக்குத் தெரிந்தது.