முனகலுக்குத் தம்புரா போட்டோம்

பிரசவம் முடிந்து மயிலாப்பூரில் என் பிறந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாட்டுதான் உயிர். பாயில் கிடந்த என் மகன் மூச்சுக்கு மூச்சு "ம்ம்... ம்ம்..." என்று முனகினான். அக்கா தம்புராவை எடுத்து வந்து மீட்ட ஆரம்பித்தாள்.

"பாருடி, இப்பவே ஸ்ருதி சேர்த்துண்டு பாடறான்!"

பால் கொடுக்கத் தூக்கினேன். குடிக்கவில்லை, முனகல் மட்டும் நிற்கவில்லை. சுற்றியிருந்த பழைய வேட்டித் துணியை விலக்கினேன். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மூக்கு விடைத்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"அக்கா, நிறுத்து!" என்று அலறினேன். இருவரும் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தோம்.

"கொயந்தைய கெட்டியா புட்ச்சிக்கோம்மா" என்று டிரைவர் வண்டியை விரட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த பிறகுதான் டாக்டர் பேசினார். "நுரையீரல்ல சளி, கிருமி. நுரையீரல் சுருங்கிடாம இருக்கத்தான் குழந்தை இப்படி முனகி முனகி மூச்சு விட்டிருக்கு. இன்னும் தாமதிச்சிருந்தா மூளைக்கே ஆபத்தும்மா."



இப்போது பச்சைக் குழந்தையைப் பார்க்கப் போனால், யார் ஜாடை என்று சொல்வதற்கு முன் துணியை விலக்கி நெஞ்சைப் பார்க்கிறேன். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். என் மகன் இப்போது பாட்டு கற்றுக்கொள்கிறான். ஆனால் அவன் சத்தமே இல்லாமல் தூங்குவதைக் கேட்ட பிறகுதான் நான் படுக்கிறேன்.