நாற்பத்தொரு காலை

லானி டாக்கெட்டை அமெரிக்க ராணுவம் கெட்ட பெயரோடு வெளியே அனுப்பிப் பதினான்கு வருஷம் ஆகிறது. நாற்பத்தொரு நாள் சொல்லாமல் ஓடிப்போனான் என்று விடுவிப்புச் சான்றிதழில் எழுதிவிட்டார்கள். அதை மாற்றக் கேட்டு மனுப் போட வைத்தவள் அவன் மனைவி ரீத்தா. எழுதிக் கொடுத்தவன் நான்.

விசாரணை கம்ப்யூட்டர் திரையில். கென்டக்கியில் எங்கள் படைவீரர் சங்கக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். லானி தட்டிவிட்ட காப்பி மேஜையெல்லாம் சிந்தியது.

"பழசைக் கிளறினா ஜெயில்ல போட்டுருவாங்கடா, வெர்ன்," என்றான் என்னிடம்.

"போடட்டும். உன் குறட்டை இல்லாம நானாவது தூங்குவேன்," என்றாள் ரீத்தா. ஆனால் அவன் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

திரையில் மூன்று அதிகாரிகள் வந்தார்கள். நடுவிலிருந்த அம்மாள் கேட்டார்: "அந்த நாற்பத்தொரு நாளும் எங்க இருந்தீங்க?"

இதை ஊரில் ஒருத்தரும் அவனிடம் கேட்டதில்லை. எந்தச் சாராயக் கடையில் கிடந்திருப்பான் என்று பந்தயம் மட்டும் கட்டினோம், நான் உட்பட.

லானி திரைக்கு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தினமும் காலைல யூனிஃபார்ம் போட்டு முகாம் கேட் வரைக்கும் வந்தேன், மேடம். அங்க வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கணும். காவலுக்கு நிக்கிறவன் துப்பாக்கியோட கிட்ட வருவான். ஈராக்குல அப்படி நின்னவன் நான். நிக்காம வந்த கார் மேல சுட்டேன். உள்ள ஒரு குடும்பம் இருந்துச்சு. அதான், தினமும் கேட்டைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிட்டேன்."

ரீத்தாவின் கை தளர்ந்தது. அவளுக்கும் இது புதிது.

"அப்பவே மேலதிகாரிகிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றார் திரையில் அந்த அம்மாள்.

லானி திரையையே பார்த்தான்.

"சொல்றதுக்கு அந்தக் கேட்டைத் தாண்டணுமே, மேடம்."