காகிதத்தில் வந்த பாதம்

அந்தக் காகிதத்தில் டீசலும் காய்ந்த எலுமிச்சையும் மணக்கும். மடிப்பைப் பிரித்தால் ஒரு சிறுமியின் வலது பாதம் பென்சில் கோட்டில் கிடக்கும். உள்ளங்கால் வளைவில் மட்டும் அந்தக் கோடு ஒரு துள்ளுத் துள்ளி, வெளியே போய்த் திரும்பியிருக்கும்.

வளைகுடாவுக்குப் பிழைக்க வந்தவர்களுக்கு இந்த வழக்கம் தெரியும். ஊரிலிருக்கும் பிள்ளையின் பாதத்தை வரைந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பச் சொல்வார்கள். அதைக் கத்தரித்து ஷூவுக்குள் விட்டுப் பார்த்து வாங்குவார்கள். "வளர்ற புள்ள, ஒரு சைஸ் கூடவே இருக்கட்டும்" என்பது துபாய் தேராவில் மொத்த மருந்துக் கடை வைத்திருந்த என் வாப்பாவின் வாடிக்கையான சொல். அவரிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டவர் ஒரு ஈரான்காரர். துபாய் க்ரீக்கில் வந்து நிற்கும் மரக்கப்பல் ஒன்றின் தலைவர். துறையில் எல்லோருக்கும் அவர் "நாகுதா".

அவர் மகள் மர்ஜானுக்கும் என்னைப் போல ஒன்பது வயது. மாதந்தோறும் இரத்தம் ஏற்றியாக வேண்டிய நோய் அவளுக்கு. அப்படி ஏற்றும்போது உடம்பில் இரும்பு தேங்கிவிடுமாம். அதை வெளியேற்றும் மருந்து வாப்பா கடையிலிருந்து போகும். பெருநாள் வந்தால் மருந்தோடு ஷூவும் போகும். முதல் தாள் வந்த வெள்ளிக்கிழமை, கப்பல் துறையிலேயே நான் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் காலை வைத்தேன். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. "அந்த இடத்துல பென்சில் பட்டா அவளுக்குக் கூச்சம். காலை இழுத்துக்குவா" என்று துள்ளிய கோட்டைக் காட்டி நாகுதா ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார்.

பிறகு ஈரான் மீதான பொருளாதாரத் தடை இறுகியது. மருந்துக்குத் தடையில்லை என்றுதான் பேச்சு. ஆனால் அக்கரையிலிருந்து வரும் பணத்தைத் தொட வங்கிகள் பயந்தன. அங்கே போகிற சரக்கு என்றாலே மருந்துக் கம்பெனிகள் நழுவின. "மருந்து இருக்கு, கப்பல் இருக்கு, நோவும் இருக்கு. அனுப்பத்தான் வழியில்ல" என்று வாப்பா உம்மாவிடம் கசந்துகொள்வார். அங்கே இங்கே அலைந்து ஓரிரு பெட்டி வாங்கி நாகுதா கையில் கொடுப்பார். ஆயுசுக்கும் ஏற்ற வேண்டிய மருந்துக்கு அது எந்த மூலைக்கு?

அடுத்த பெருநாளுக்கு வந்த தாளில் என் விரல்கள் கோட்டைத் தாண்டின. அதற்கடுத்ததில் இன்னும் தாண்டின. அவள் பாதம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் வளர வேண்டியதையும் சேர்த்து நான்தான் வளர்கிறேனோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பழைய ஷூவையே விரல் நசுங்கப் போட்டுக்கொண்டு திரிந்தேன். பக்கத்து ஊரான அஜ்மானில் இருந்த எங்கள் வீட்டில் யாரும் பார்க்காதபோது, மெத்தையடியில் ஒளித்து வைத்த தாளை எடுத்து அதன் மேல் நிற்பேன். அவளும் தாளுக்கு அந்தப் பக்கம் நின்று, தன் உள்ளங்காலை என் உள்ளங்காலோடு வைத்திருப்பதாகத் தோன்றும். அந்த இடத்தில் மட்டும் தரை ஜில்லென்றிருக்கும்.

கடைசித் தாள் எனக்குப் பதினொரு வயதில் வந்தது. ரெண்டு பெட்டி எடுத்து வைத்திருக்கிறேன் என்றார் வாப்பா. "மருந்து வேணாம், பாய். ஷூ மட்டும் போதும்" என்றார் நாகுதா.

தாளை நான்தான் பிரித்தேன். அதே அளவு. ஆனால் கோடு குதிகாலிலிருந்து விரல் வரை வழவழவென்று ஓடியிருந்தது, எங்கேயும் துள்ளவில்லை.

"கூச்சம் போயிடுச்சா?" என்று கேட்டேன். நாகுதா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வாப்பா முதல்முறையாக, ஒரு சைஸ் கூட்டாமல் சரியான அளவில் வாங்கினார். காரில் அஜ்மான் வந்து சேர்ந்தோம். இறங்கும்போது சொன்னார்: "அந்தப் புள்ள மவுத்தாயிடுச்சும்மா. முன்னாடி ஷூவுக்குள்ள கத்தரிச்சுப் போட்ட பழைய தாள வச்சு வரைஞ்சிருக்காரு."

நாகுதா அதன்பின் வரவில்லை. அவர் கப்பல் நின்ற இடத்தில் இப்போது விளக்கு போட்ட விருந்துப் படகு நிற்கிறது. வாப்பாவின் கடையும் இல்லை. ஷூவுக்கு அளவு சொல்லி இன்று யாரும் தாள் அனுப்புவதில்லை. அக்கரையில் மருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மட்டும் இருக்கிறார்கள்.

போன வாரம் என் அண்ணன் மகளுக்கு ஆன்லைனில் ஷூ வாங்கப் பார்த்தபோது, காலைத் தாளில் வரைந்து அளக்கச் சொல்லியிருந்தார்கள். உள்ளங்கால் வளைவுக்கு என் பென்சில் வந்ததும் சிரித்துக்கொண்டே காலை வெடுக்கென்று இழுத்தாள். கோடு துள்ளி வெளியே போனது.

"ஸாரி மாமி, ரப்பர் குடுங்க, அழிச்சிடலாம்" என்றாள்.

நான் ரப்பரைக் கொடுக்கவில்லை.