எலுமிச்சம்பழத்துக்கு நின்ற காடி

ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் காரை எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியபோது, சாலையில் கிடக்கும் சிறு பொருள்களை அது கண்டுபிடிக்கச் செய்யும் வேலை என்னுடையது. ரந்தாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துச் சாலையில் முதல் வெள்ளோட்டம் வைத்தோம். அதே தோட்டத்தில் ஓய்வு பெறும்வரை லோரி ஓட்டியவர் அப்பா. அவரையும் அழைத்திருந்தேன்.

பேராசிரியர் பொத்தானை அழுத்தினார். கார் நகரவில்லை. மறுபடி அழுத்தினார். முன்னால் ஏதோ தடை இருப்பதாகத் திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் சாலையில் ஒன்றுமே இல்லை. ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். முன்சக்கரங்களுக்கு எதிரே, ஒரு சாண் தள்ளி, இரண்டு எலுமிச்சம்பழங்கள்.

"அப்பா, யாரக் கேட்டு வச்சீங்க?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"புதுக் காடி ஓடப் போவுது, பழம் வைக்காம எப்படி லா?" என்றார், கொஞ்சமும் அசராமல்.

பேராசிரியர் மண்டியிட்டுப் பழத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு சின்னதுகூடவா தெரிகிறது என்று மலாய் மொழியில் கேட்டுவிட்டு, முதல் ஆளாகக் கைதட்டினார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. பழங்களை எடுத்ததும் கார் தானே கிளம்பி, செம்பனை வரிசைகளுக்கு நடுவே சீராகப் போய்த் திரும்பியது.

மாலையில் ரந்தாவ் கடையில் தேநீர் குடிக்கும்போது, பக்கத்து மேசைக்காரரிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்:

"நான் ஓட்டுன லோரி எல்லாம் பழத்த நசுக்கிட்டுத்தான் போவும். என் மவ செஞ்ச காடிக்குக் கண்ணு இருக்கு லா."