இருக்குதா, எங்க இருக்குது?

1. பொட்டியைத் திருப்பி அனுப்பும் பேச்சு

“இந்தப் பொட்டிய பெங்களூருக்கே திருப்பி அனுப்பிடலாம்னு இருக்கேன். நீ என்னம்மா சொல்ற?”

முதலாளி கரீம் பாய் இப்படிக் கேட்டபோது நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எண்பதுகளின் கடைசி. தருமபுரியில் அவருக்குப் போர்வெல் மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பாலக்கோட்டிலும் கடத்தூரிலும் கிளைகள். கம்ப்யூட்டரையும் அதில் ஓடும் ஸ்டாக் பேக்கேஜையும் பெங்களூர்க் கம்பெனி ஒன்று சோதனைக்குக் கொடுத்திருந்தது. நான் பி.எஸ்சி. கணிதம் முடித்து, சேலத்தில் டிபேஸ் புரோகிராமிங் கற்றுக்கொண்டு வந்தவள். பொட்டி போனால் நானும் போக வேண்டியதுதான். எங்கள் குடும்பத்தில் மண்வெட்டி பிடிக்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்.

பாய் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கவுண்டரில் ஒருவர் ஒரு பாகம் கேட்பார். நான் மெனுவுக்குள் மெனுவாக இறங்கி, தேதி கொடுத்து, கம்பெனி கொடுத்து, ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருவேன். அதற்குள் அவர் கிளம்பியிருப்பார்.

“உம் பொட்டி யோசிக்கறதுக்குள்ள அந்தாளு சேலமே போய்ச் சேந்துருவான் ரோஸ்லின்” என்பார் கவுண்டரில் நிற்கும் கோவிந்தண்ணன்.

“ஒரு வாரம் டைம் குடுங்க பாய்” என்றேன்.

“சரி. ஒரு வாரம்.”

2. கவுண்டர் பக்கத்து ஸ்டூல்

முதல் இரண்டு நாள் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. ஏ.சி. ரூமை விட்டு வெளியே வந்து, கோவிந்தண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்தேன். எந்தத் தேதியில் வாங்கிய சரக்கு, மொத்த ஸ்டாக் எவ்வளவு என்றெல்லாம் ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: இருக்குதா? இங்கே இல்லையென்றால் எங்கே இருக்குது?

பெங்களூர்க் கம்பெனியின் எஞ்சினியர் பிரகாஷுக்கு டிரங்கால் போட்டேன். “பேக்கேஜ்ல கை வெக்காதீங்க மேடம், எல்லாம் கெட்டுப்போயிடும்” என்று பதறினார்.

“கை வெக்கலைங்க. தனியா ஒரு புரோகிராம் எழுதி, உங்க ஃபைல படிக்க மட்டும் செய்வேன். ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன்.”

“எழுதாம இருந்தா சரி, படிச்சுக்கங்க” என்றார்.

தனியாக ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். பாகத்தின் பெயரைத் தட்டினால் திரையில் ஒரே வரி. அந்த வரியில் மூன்று கடைகள், ஒவ்வொன்றிலும் எத்தனை உருப்படி என்ற எண். அவ்வளவுதான். கிளைகளின் முந்தின நாள் விற்பனைச் சீட்டு முதல் பஸ்ஸில் வந்துவிடும். நான் காலையிலேயே வழக்கம்போல் பேக்கேஜில் ஏற்றிவிடுவேன். பேக்கேஜில் மோட்டார் கம்பெனிக்காரன் வைத்த பெயர்தான் இருந்தது. ‘பவுல்’ என்று அவன் எழுதிய பம்புப் பாகத்தைக் கடையில் ‘கிண்ணம்’ என்றுதான் கேட்பார்கள். அதனால் கவுண்டரில் புழங்கும் பெயர்களைக் கோவிந்தண்ணனிடம் கேட்டு என் புரோகிராமில் சேர்த்தேன். எதைத் தட்டினாலும் பதில் வரும்.

பாய் வந்து பார்த்தார். “நல்லாருக்குது. அப்படியே வெலையும் காட்டிரு. கம்பெனி பேரு, எப்ப வாங்குனோம், யாரு கடைசியா வாங்குனாங்க...”

“வேணாங்க பாய்.”

“ஏன்?”

“அதெல்லாம் சேத்தா பழையபடி மெதுவாயிடும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லட்டுங்க.”

முதலாளியிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. அவர் முறைத்துப் பார்த்தார். ஆனால் மறுக்கவில்லை.

3. முனியப்பாவின் தக்காளி

வாரம் முடிகிற நாள் உச்சி வெயிலில் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். பெயர் முனியப்பா. பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர்.

“போர்வெல் மோட்டார்ல திரஸ்ட் பேரிங் போயிருச்சுங்க. பாலக்கோட்டுக் கடையில இல்லைன்னுட்டாங்க. தக்காளி காயும் பழமுமா நிக்குது. நாளைக்குத் தண்ணி விடலைன்னா அத்தனையும் வதங்கிப்போயிரும்.”

தருமபுரியிலும் அந்த பேரிங் இல்லை. கோவிந்தண்ணன் வழக்கம்போல் போனை எடுக்கப் போனார். “இருங்கண்ணா” என்று சொல்லிவிட்டு, கவுண்டர் பக்கத்துக்கு நகர்த்தி வைத்திருந்த கம்ப்யூட்டரில் பேரிங் பெயரைத் தட்டினேன். பாய் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

தருமபுரி 0, பாலக்கோடு 0, கடத்தூர் 1.

என்டர் அழுத்திய விரலை எடுப்பதற்குள் வரி வந்திருந்தது. கோவிந்தண்ணன் கடத்தூருக்குப் போன் போட்டார். “இருக்குதாம்!” என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். “யாருக்கும் குடுக்காத, எடுத்து வெய்யி!”

முனியப்பா கடத்தூருக்கு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். மறுநாள் சாயங்காலம் ஒரு கூடைத் தக்காளியோடு திரும்பி வந்தார். “தண்ணி பாய்ஞ்சிருச்சுங்க” என்றார். பாய் அந்தக் கூடையை என் மேசைமேல் வைக்கச் சொன்னார்.

4. ஒரே வரி

அப்புறம் பாய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு பாகமாகத் தட்டிப் பார்த்தார். வரி வர வரச் சிரித்தார்.

“இத பில் போடற எடத்துலயும் வெக்கணும். அதுக்கு இன்னொரு வாரம் ஆவுமா?”

“ஒரு வரி போதுங்க.”

நிஜமாகவே ஒரு வரிதான். பேக்கேஜில் சேராத, நான் தனியாக எழுதியிருந்த பில் போடும் புரோகிராமிலிருந்து பாகத்தின் பெயரைக் கொடுத்து என் புரோகிராமை அழைத்தால், பதிலைத் திருப்பிக் கொடுத்துவிடும். அவர் பக்கத்தில் இருக்கும்போதே எழுதி ஓட்டிக் காட்டினேன்.

பொட்டியை எடுத்துப் போக வந்த பிரகாஷ், பாய் அதை விலைக்கே வாங்கிக்கொண்டதால், விற்பனை ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது என் புரோகிராமை ஃப்ளாப்பியில் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்கு ஆங்கில எழுத்தில் ‘கேள்வி’ என்று பெயர் வைத்திருந்தேன். அவர் பெயரை மாற்றவில்லை. அந்தப் பேக்கேஜ் போன கடைகளிலெல்லாம், தமிழே தெரியாதவர்களும் ‘கேள்வி’ என்று தட்டித்தான் சரக்கு தேடினார்கள் என்று பிறகு சொன்னார். கேட்டபோது ஏற்பட்ட கர்வம் இன்னும் குறையவில்லை.

இன்று வெப் ஃப்ரேம்வொர்க்கில் ஏபிஐ, அதாவது ஒரு புரோகிராம் கேட்டால் இன்னொன்று பதில் தரும் வழி, எழுதும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் கவுண்டருக்குப் போய் உட்காருங்கள். அங்கே கேட்கிற ஒரு கேள்விக்குச் சட்டென்று, சரியாகப் பதில் சொல்ல வையுங்கள். மற்றதெல்லாம் யாராவது வந்து கேட்கட்டும். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.