குழாயைக் கழற்றிய பிக்கப்பில் பெண் அழைப்பு

தங்கச்சி மகளைக் கல்யாண மண்டபத்துக்கு என் பழைய பிக்கப்பில்தான் அழைத்துப் போவேன் என்று வாயை விட்டுவிட்டேன். தாய்மாமன் சொன்ன சொல். திரும்ப வாங்க முடியுமா? ஆனால் வண்டியோ வேகம் நாற்பதைத் தாண்டினால் கத்தும், போகிற வழியெல்லாம் எண்ணெய் சிந்தும். கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட்டை இரும்புக் குழாய்க்குள் போட்டு மூடி வைத்திருந்த காலத்து வண்டி அது. உள்ளே ஒரு பேரிங் தேய்ந்தால் பாதி வண்டியைப் பிரிக்க வேண்டும். உதிரி பாகம் எங்கேயும் கிடையாது.

சங்ககிரியில் தங்கச்சி வீட்டுக்கு எதிரிலேயே ஒரு லாரிப் பட்டறை. அங்கே இருந்த மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "இந்தக் குழாயக் கழட்டிக் கடாசிப்போட்டு ஜீப்பு அச்சப் போட்டுரலாமுங்க. ஷாஃப்ட்டு வெளிய காத்தாடச் சுத்தட்டும்." அந்தக் 'காத்தாட' எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சொல்வது சுலபம். குழாய் வெறும் மூடியாக மட்டும் இருக்கவில்லை. பின்சக்கரம் தள்ளுகிற தள்ளலை வண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதுதான். அதை எடுத்துவிட்டால் அந்த வேலையை அச்சின் மேல் வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டைகள் செய்தாக வேண்டும். புதுப் பட்டை வாங்கினோம். பட்டை உட்காரும் இடம் எங்களுக்கு அச்சின் மேல்பக்கம் வேண்டும்; ஜீப் அச்சிலோ அது அடிப்பக்கம் இருந்தது.

"கவுத்துப் போட்டாப் போச்சு" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். மெக்கானிக்கும் தலையாட்டினார். அச்சைக் கவிழ்த்து மாட்டி, வண்டியை ஜாக்கியில் தூக்கி கியர் போட்டோம். சக்கரம் வழுவழுவென்று சுற்றியது. இரண்டு பேரும் கைதட்டினோமே தவிர, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை. ஓரடி தரையில் ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்காமல், வேலை முடிந்த வண்டியைத் தரையில் உருட்டவே விடமாட்டார் அந்த மனிதர்.

இதற்கிடையில் தங்கச்சிக்குத் தூக்கமே இல்லை. போன வருஷம் மகளுக்கு நிச்சயமான இடம், பத்திரிகை அடித்தபிறகு கைநழுவிப் போயிருந்தது. "இந்தத் தடவ ஒரு சின்ன அபசகுனங்கூட ஆகப்படாதுங்ணா" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னாள். "வண்டிய நம்பி வா சாமி" என்று நானும் பெரிய மனுஷனாட்டம் சொல்லி வைத்தேன்.

பெண் அழைப்பு அன்று சாயங்காலம் நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு பழம் வைத்தார்கள். மணப்பெண் பட்டுப் புடவையோடு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். தங்கச்சி கற்பூரம் காட்டினாள். நான் ஃபர்ஸ்ட் கியர் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி ஒரு சத்தமும் இல்லாமல், அழகாகப் பின்னால் போனது.

சீர்த்தட்டோடு பின்னால் நின்ற பெண்கள் அலறிக்கொண்டு விலகினார்கள். செகண்ட் போட்டேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. பிரேக்கை மிதித்தேன். நாலு பழமும் வைத்த இடத்தில் அப்படியே கிடந்தன.

"ஐயோ, பின்னால போகுதுங்ளேண்ணா." தங்கச்சி கற்பூரத் தட்டோடு கத்தினாள். என் வீம்புக்கு இந்தப் பிள்ளையின் கல்யாணமா கிடைத்தது என்று என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது. மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "அச்சக் கவுத்துனமுல்லங்க, சக்கரம் எதிர்ப்பக்கமாச் சுத்துதுங்க. பிரிச்சு மாட்ட ரெண்டு நாளாகுமுங்க."

அப்போது பக்கத்தில் ஒரு சிரிப்புச் சத்தம். மணப்பெண்தான். மல்லிகைப்பூ குலுங்க விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பறம் என்னங்க மாமா, ரிவர்ஸ்ல போடுங்க!"

போட்டேன். வண்டி ஊளையிட்டுக்கொண்டு முன்னால் நகர்ந்து நாலு பழத்தையும் நசுக்கியது. தெருவே கைதட்டியது. தங்கச்சி அழுதுகொண்டே சிரித்தாள். தட்டை யார் கையிலோ கொடுத்துவிட்டு ஓடிவந்து மகள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

ரிவர்ஸ் கியரில் என்ன வேகம் வரும்? முன்னால் நடந்த மேளக்காரர்களையே எட்ட முடியவில்லை. "கொஞ்சம் பொறுத்துக்க, போயிரலாம்" என்றேன் தங்கச்சியிடம்.

அவள் மகளின் கையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். "மெதுவாவே போங்ணா. நாளைக்கு இவ அவங்க ஊட்டுக்குப் போயிருவா."

மண்டபத்துக்கு நேர்வழி பத்து நிமிஷம். மேளக்காரர்கள் அந்த வழியில்தான் திரும்பினார்கள். நான் கோயில் வீதியைச் சுற்றிக்கொண்டு போனேன்.